துறை சர்வரில் சர்க்கிள்மட்: லாகவுட் ஆனதும் நிற்கிறது, தமிழ் எழுத்து காணாமல் போகிறது

விடுதி_வாசி கேட்டது:

துறையின் லினக்ஸ் சர்வரில் சர்க்கிள்மட் 3.1 (பலர் சேர்ந்து எழுத்து வழியாகவே ஆடும் ‘மட்’ விளையாட்டுக்கான சர்வர் நிரல்) கம்பைல் ஆகி, 4000-ஆம் போர்ட்டில் ஓடுகிறது. பொறுப்பாளர் வாய்மொழியாகச் சரி சொல்லியிருக்கிறார். சுமார் 20 பேர் விளையாடுவார்கள். ஆட்டம் நின்றால் மறுபடி தொடங்கும் ஆட்டோரன் ஸ்கிரிப்ட்டை ‘நோஹப்’ கட்டளை போட்டு ஓடவிட்டாலும் நான் லாகவுட் செய்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. லேபில் யாராவது புதிதாக உள்ளே வரும்போது மற்ற எல்லோருக்கும் சில விநாடி ஆட்டம் உறைகிறது. விடுதியிலிருந்து இணைப்பே கிடைப்பதில்லை. தமிழில் தட்டினால் வெற்று வரிதான் போகிறது. எதை எங்கே திருத்துவது?

செலக்ட்_லூப்:

லாகவுட் விஷயம், லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் வேலை. நோஹப் தடுப்பது டெர்மினல் மூடும்போது வரும் ஹேங்கப் சிக்னலை மட்டும்தான். பயனர் வெளியேறியதும் அந்த செஷனில் உள்ள எல்லா பிராசஸையும் கொல்லும்படி உங்க சர்வரில் அமைத்திருப்பார்கள். பொறுப்பாளரிடம் உங்க கணக்குக்கு லிங்கர் (நீங்க வெளியேறிய பிறகும் உங்க சர்வீஸ்களை ஓடவிடும் அமைப்பு) போடச் சொல்லுங்க. அதோடு விட்டுடாதீங்க, இங்கதான் பலரும் சறுக்குவாங்க. லிங்கர் இருந்தாலும் லாகின் ஷெல்லில் இருந்து தொடங்கிய பிராசஸ் அந்த செஷனோடேயே போய்விடும். ஆட்டோரனை ஒரு யூசர் சர்வீஸாக எழுதி அதன் வழியாகத் தொடங்குங்க.

ஆட்டம் உறைவதற்குக் காரணம் டிஎன்எஸ், அதாவது ஐபி முகவரிக்குப் பெயர் சொல்லும் சேவை. சர்க்கிள்மட் ஒரே பிராசஸ், ஒரே லூப், விநாடிக்கு 10 சுற்று. புது ஆள் வந்தால் அவருடைய ஐபிக்குப் பெயர் தேடி, பதில் வரும்வரை லூப் அப்படியே நிற்கும். வளாகத்துக்குள் இருக்கிற தனி ஐபிகளுக்குப் பெரும்பாலும் பெயர்ப் பதிவே கிடையாது, அதனால் டைம்அவுட் ஆகும்வரை எல்லோரும் காத்திருக்கணும். கான்ஃபிக் ஃபைலில் ‘நேம்சர்வர் இஸ் ஸ்லோ’ என்ற மாறி இருக்கும். அதை எஸ் ஆக்கி மறுபடி கம்பைல் பண்ணுங்க.

டிஸ்க் கோட்டாவையும் (உங்க கணக்குக்கான இட வரம்பு) பார்த்துக்கோங்க. வீரரின் பொருள்களைச் சேமிக்க ஃபைலைத் திறந்த உடனே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். அப்புறம் எழுத இடம் இல்லையென்றால் அவர் திரும்ப வரும்போது வெறுங்கைதான். ஒரே கிராஷில் நிரலின் நினைவகம் அப்படியே கொட்டப்படும் கோர் ஃபைல் போதும் கோட்டா நிரம்ப.

போர்ட்_22:

விடுதிக்கு ஃபயர்வாலில் புது ஓட்டை கேட்காதீர்கள், தரமாட்டார்கள், தரவும் கூடாது. மட் பயன்படுத்தும் டெல்நெட் இணைப்பில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் பச்சையாகப் போகும். மறையாக்கப்பட்ட எஸ்எஸ்எச் சுரங்கம் போதும்: பெரிய எழுத்து எல் ஆப்ஷனோடு 4000:லோக்கல்ஹோஸ்ட்:4000 என்று கொடுத்து சர்வருக்குள் லாகின் செய்துவிட்டு, தன் கணினியிலேயே லோக்கல்ஹோஸ்ட் 4000-க்கு மட் கிளையன்ட்டைத் திருப்பினால் ஆயிற்று. எல்லோரும் இப்படியே வருவதானால் கான்ஃபிக்கில் டிஃபால்ட் ஐபியை 127.0.0.1 ஆக்கிவிடுங்கள், வெளியிலிருந்து நேராக யாரும் தொட முடியாது.

ஒரு கண்ணி உண்டு. சுரங்க வழியாக வருபவர் எல்லோருமே ஆட்டத்துக்கு லோக்கல்ஹோஸ்ட்தான். குறும்பு செய்த ஒருவரை பான் கட்டளையால் இட முகவரி வைத்துத் தடுத்தால் எல்லோருக்கும் கதவு மூடிக்கொள்ளும். அந்த வீரரை மட்டும் ஃப்ரீஸ் கட்டளையால் முடக்குங்கள்.

மூன்று_பைட்:

தமிழ் விழாததற்குக் காரணம் காம் டாட் சி ஃபைலில், உள்ளீட்டை வாங்கும் ஃபங்ஷனில் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டும் ஆஸ்கியா, அச்சிடத்தக்கதா என்று பார்த்து, இல்லையென்றால் எறிந்துவிடும். யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழ் எழுத்தின் பைட் எல்லாமே 128 அல்லது அதற்கு மேல், ஆஸ்கியோ 127 வரைதான், அதனால் ஒன்றுகூடத் தேறாது. 32 முதல் 126 வரையும், 128 முதல் 250 வரையும் விடும்படி மாற்றுங்கள். ஒப்பிடும் முன் அன்சைன்ட் கேர் ஆக்க மறக்காதீர்கள். இன்டெல் கணினியில் கேர் என்பது சைன்ட், 128-க்கு மேல் உள்ளதெல்லாம் மைனஸ் எண்ணாகத் தெரியும்.

250-இல் ஏன் நிறுத்த வேண்டும்? 251 முதல் 255 வரை டெல்நெட்டின் சொந்தக் கட்டளைகள், யுடிஎஃப்-8-இல் அவை வரவே வராது. கடவுச்சொல்லை மறைக்க சர்வர் எக்கோவை நிறுத்தச் சொன்னதும் கிளையன்ட் 255, 253, 1 என்று பதில் அனுப்பும். முதல் இரண்டையும் உள்ளே விட்டால் அவை கடவுச்சொல்லின் தலையில் ஒட்டிக்கொள்ளும். புது வீரர் இரண்டாம் முறை அதையே தட்டினாலும் பொருந்தவில்லை என்றே வரும்.

வரி நீளம் 256 பைட். ‘வணக்கம்’ மட்டுமே 21 பைட். இன்புட் லெங்த் மாறிலியைக் கூட்டாவிட்டால் நீண்ட வாக்கியம் எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டுக் கடைசியில் குப்பைக் குறி வரும். வீரர் பெயர் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். சேமிக்கும் ஃபோல்டர் பெயரின் முதலெழுத்தை வைத்துத்தான் முடிவாகிறது.

விடுதி_வாசி:

நாலு சிக்கலும் தீர்ந்துவிட்டது, நன்றி. அனுமதியை எழுத்தில் கேட்டால் ‘லோடு எவ்வளவு’ என்கிறார்கள்.

பழைய_டெர்மினல்:

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978-இல் பிடிபி-10 கணினியில் மட் எழுதியபோது, ஒவ்வொரு வீரருக்கும் நிரலின் ஒரு பிரதி தனியாக ஓடி, நினைவகத்தின் ஒரு பகுதியை எல்லாம் பகிர்ந்துகொண்டன. வெளியாட்களைப் பகல் நெரிசலில் விடவில்லை, இரவில்தான் விட்டார்கள். உங்களுடையது 20 பேருக்கும் ஒரே பிராசஸ். யாருமே இல்லாதபோது புது இணைப்பு வரும்வரை லூப் செலக்ட் அழைப்பில் தூங்கிவிடும், சிபியு பூஜ்யம். தூங்கப் போவதாக லாகில் அது எழுதும் வரியைக் காட்டுங்கள், பேச்சு அதோடு முடியும். ஏதாவது ஸ்பெஷல் ஃபங்ஷன் முடிவில்லாமல் சுற்றினாலும் 180 சிபியு விநாடி கணக்கில் ஒரு காவல் டைமர் பிராசஸை முறித்துவிடும், அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கலைவிழாவில் நுழைவுக் கட்டணம் வைத்து ஆட்டம் நடத்தும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சர்க்கிள்மட்டின் அடி கோபன்ஹேகனில் 1991-இல் வந்த டிகூமட். சர்க்கிள்மட்டோடு வரும் உரிமம் காசு பார்ப்பதை அடியோடு தடுக்கிறது. லாகின் திரையில் டிகூமட்டை எழுதியவர்கள் பெயரும் இருந்தாக வேண்டும்.