பிரீஸ் ஐகான் தொகுப்புக்கு வரைந்து அனுப்பலாமா? வேலையில் இருக்கும் டிசைனரின் கேள்வி

நித்யா_ஹெச்எஸ்ஆர்
பெங்களூரு ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் யூஐ டிசைனராக இருக்கிறேன். வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஈ பிளாஸ்மா. டாஸ்க்பாரில் எல்லா ஐகானும் பளிச்சென்று இருக்க, ஒரு டைரி செயலியின் ஐகான் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பிளாஸ்மாவின் பிரீஸ் ஐகான் தொகுப்பு திறந்த மூலம்தானே, இதை வரைந்து அனுப்பிவிடலாம், அப்படியே விட்டுப்போன மற்றவற்றையும் செய்யலாம் என்று தோன்றியது. ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் எவனாவது ஐகான் வரைவானா என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கறார்_கணேஷ்
உங்கள் ஆபீஸ்காரர்கள் பக்கம்தான் நான். வால்வ் நிறுவனம் 2022இல் ஸ்டீம் டெக் என்கிற கையடக்க கேம் கணினியை விற்கத் தொடங்கியது. அதன் டெஸ்க்டாப் பயன்முறையில் ஓடுவது பிளாஸ்மா. நீங்கள் சனிக்கிழமை உட்கார்ந்து வரைந்தது, காசு கொடுத்து வாங்கும் பொருளில் போய் உட்காரும். உங்களுக்கு என்ன கிடைக்கும்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான்.

இன்னொன்று. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது, நிரல் எழுதுபவனுக்குப் பணம் தருகிறது. வெறும் ஐகான் வரைகிறேன் என்று அங்கே போய் நிற்க முடியாது. திறந்த மூல உலகில் டிசைனருக்கு எந்த வரிசையில் இடம் என்று இதிலேயே தெரியவில்லையா? வரைய ஆசை இருந்தால் சொந்தமாக ஒரு ஐகான் தொகுப்பு போடுங்கள். பெயராவது உங்களுடையதாக இருக்கும்.

அல்சூர்_ரவி
கணேஷ், கேடிஈயில் நிரல் எழுதுகிறவர்களிலும் பெரும்பாலானோர் சும்மாதான் எழுதுகிறார்கள். டிசைனரை மட்டும் ஏமாற்றுவதுபோல் பேசுவது சரியில்லை.

நித்யா, முதலில் அந்த மங்கல் ஐகானைப் பார்ப்போம். அது பிரீஸின் குறையாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு செயலி ஐகான் கேட்டால் சிஸ்டம் அதன் பெயரை வைத்து இப்போதைய தீமில், அதாவது நீங்கள் வைத்திருக்கும் ஐகான் தொகுப்பில், தேடும். கிடைக்காவிட்டால் அந்தத் தீம் சார்ந்திருக்கும் தீமில் தேடும். அங்கேயும் இல்லையென்றால் கடைசியாக ஹைகலர் என்கிற பொதுக் கோப்புறைக்குப் போகும். செயலி தன்னோடு கொண்டுவரும் ஐகான் அங்கேதான் கிடக்கும். அதில் 48 பிக்சல் பிஎன்ஜி (புள்ளிகளால் ஆன படம்) ஒன்று மட்டும் இருந்தால், அடர்த்தியான திரையில் அதையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். அதுதான் மங்கல். அப்படியானால் நீங்கள் போக வேண்டிய இடம் அந்தச் செயலியை எழுதியவர்களிடம். அவர்களுக்கு எந்த அளவுக்கும் கூர்மையாக விரியும் எஸ்விஜி படம் ஒன்று கொடுத்தால் பிரீஸ் மட்டுமில்லை, எந்தத் தீம் வைத்திருப்பவருக்கும் சரியாகிவிடும்.

பிரீஸ் 2014இல் பிளாஸ்மா 5உடன் வந்தது. அதற்கு முன் இருந்த தொகுப்பு ஆக்ஸிஜன், பளபளப்பும் நிழலுமாக. பிரீஸின் கருவிப்பட்டை ஐகான்கள் மெல்லிய கோட்டு ஓவியங்கள். 16, 22 பிக்சல் அளவில் ஒரு கோடு அரை பிக்சல் தள்ளி விழுந்தால் போதும், இரண்டு சாம்பல் பட்டையாகக் கரைந்துவிடும். ஆபீஸ் வேலையில் இந்த ஒழுங்கை யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை.

கறார்_கணேஷ்
ஒழுங்கு கற்றுக்கொள்ள கேடிஈக்காரர்களின் கிட்லேப் தளத்தில் வரிசையில் நிற்க வேண்டுமா? பிக்சல் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே வரையலாம். மெர்ஜ் ரிக்வெஸ்ட், அதாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை, அனுப்பினால் ஒருவர் ஓரத்தை வளை என்பார், இன்னொருவர் வளைக்காதே என்பார். மாதக்கணக்கில் இழுக்கும். சொந்தத் தொகுப்பில் அந்தத் தொல்லை கிடையாது.

மீனா_மல்லேஸ்வரம்
சொந்தத் தொகுப்பு போடச் சொல்வது சுலபம் தம்பி. ஒரு முழுத் தீமுக்கு நூற்றுக்கணக்கில் பெயர்கள் வேண்டும். கோப்புறை, குப்பைத்தொட்டி, பேட்டரியின் ஒவ்வொரு நிலை, வைஃபையின் ஒவ்வொரு பட்டை. ஒரே படத்துக்கு வெவ்வேறு செயலிகள் வெவ்வேறு பெயர் வைத்திருக்கும், அதற்கெல்லாம் சிம்லிங்க் (ஒரே கோப்புக்கு மாற்றுப் பெயர்) போட வேண்டும். புதிய செயலி வந்தால் மறுபடியும். பாதியில் கைவிடப்பட்ட ஐகான் தொகுப்புகள் இணையத்தில் குவிந்து கிடப்பது இதனால்தான். பிடிவாதமாக நின்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பாபிரஸ் தொகுப்பு அதற்கு உதாரணம். வார இறுதியில் மட்டும் நேரம் இருப்பவருக்கு அது ஒத்துவராது.

டேங்கோ திட்டத்தை நினைத்துப் பாருங்கள். எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொதுவான ஐகான் பாணி கொண்டுவர 2005இல் தொடங்கியது. அதற்கு முன் க்னோம் என்கிற இன்னொரு டெஸ்க்டாப்பில் ஒரு பெயர், கேடிஈயில் அதே படத்துக்கு வேறு பெயர். டேங்கோக்காரர்கள் வரைந்த படங்கள் அழகுதான். ஆனால் இன்றைக்கும் உயிரோடு இருப்பது, டெஸ்க்டாப்புகளுக்குப் பொது விதி வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் வழியாக வந்த பெயர்ப் பட்டியல். சேமிப்பதற்கு இந்தப் பெயர், நகலெடுக்க இந்தப் பெயர் என்று தீர்மானித்ததால்தான் இன்று ஒரு தீமைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட முடிகிறது. 2009இல் படங்களையும் பொதுவுடைமையாக விட்டுவிட்டார்கள். இதெல்லாம் தனியாளாக உட்கார்ந்து செய்திருக்க முடியாது.

பணம் பற்றிச் சொன்னீர்கள். அவுட்ரீச்சி என்கிற பயிற்சித் திட்டத்தில் டிசைன் பணிகளுக்கும் உதவித்தொகை உண்டு. முழுநேர வேலையில் இருப்பதால் நித்யாவுக்குக் கிடைக்காது, அது வேறு விஷயம்.

வக்கீல்வீட்டுப்_பையன்
எல்லோரும் அழகு பற்றிப் பேசுகிறீர்கள். நித்யா, உங்கள் ஆஃபர் லெட்டரோடு வந்த ஒப்பந்தத்தைப் படித்தீர்களா?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17(c) பிரிவு: வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். உங்கள் நேரத்தில், உங்கள் லேப்டாப்பில், ஆபீஸுக்குச் சம்பந்தமில்லாமல் வரைந்தது இதில் வராது என்று வாதாடலாம். ஆனால் இந்த ஊர் கம்பெனி ஒப்பந்தங்கள் பல அதோடு நிற்பதில்லை. வேலையில் இருக்கும் காலத்தில் செய்யும் எதுவும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் செய்வது ஐகான், உங்கள் தொழிலும் ஐகான். சம்பந்தமில்லை என்று சொல்வது நிரல் எழுதுகிறவரைவிட உங்களுக்குக் கஷ்டம்.

பிரீஸ் எல்ஜிபிஎல் என்கிற திறந்த மூல உரிமத்தில் வருகிறது. உங்களுக்கு உரிமை இல்லாத படத்தை அந்த உரிமத்தில் நீங்கள் கொடுக்க முடியாது. பின்னால் பிரச்சினை வந்தால் அவர்கள் படத்தைத் தூக்க வேண்டியிருக்கும், உங்களுக்கும் ஆபீஸில் தலைவலி.

கறார்_கணேஷ்
இதைத்தான் நானும் சொல்கிறேன். இலவசமாகக் கொடுக்கப் போய் வம்பையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

வக்கீல்வீட்டுப்_பையன்
அந்த வரி இருந்தால் உங்கள் சொந்தத் தொகுப்புக்கும் இதே கதிதான் கணேஷ். அதை விற்றால் இன்னும் மோசம்.

அல்சூர்_ரவி
ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். எந்தத் திட்டம், எந்த உரிமம், ஆபீஸ் நேரமோ கருவியோ பயன்படுத்த மாட்டேன், எழுத்தில் அனுமதி வேண்டும். திறந்த மூலத்தைத் தின்று வாழும் நிறுவனங்கள் இதற்கு மறுப்பது எனக்கு விந்தையாகப் படும், ஆனால் மறுப்பவர்களும் உண்டு. வாய்வார்த்தையாக மேனேஜர் சொன்னதை நம்பாதீர்கள், அவர் அடுத்த மாதம் வேறு கம்பெனியில் இருப்பார். பெங்களூரு இது.

நித்யா_ஹெச்எஸ்ஆர்
ஒப்பந்தத்தை இப்போதுதான் திறந்தேன். அந்த வரி இருக்கிறது, நீளமாகவே இருக்கிறது. நாளை மின்னஞ்சல் அனுப்புகிறேன்.

ஹைகலரையும் பார்த்தேன். ரவி சொன்னது சரி, 48 பிக்சல் பிஎன்ஜி ஒன்றே ஒன்று. செயலியின் களஞ்சியத்தில் இதே புகாரை ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், பதில் இல்லை. அனுமதி கிடைத்தால் அங்கே எஸ்விஜி அனுப்புவேன், அப்புறம் பிரீஸ். கணேஷ், பணம் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினமும் நான் பார்க்கும் திரை இது. வால்வ் விற்கிறது என்பதற்காக என் திரை மங்கலாக இருக்க வேண்டுமா?

மீனா_மல்லேஸ்வரம்
பிரீஸுக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒற்றை நிற ஐகான்களில் நிறத்தை நேரடியாக எழுதாதீர்கள். எஸ்விஜிக்குள் நிறங்களைக் குறிக்கும் ஒரு ஸ்டைல்ஷீட் இருக்கும், அதிலுள்ள வகுப்பைப் (கிளாஸ்) படத்தின் பாதைகளுக்கு, அதாவது கோடுகளுக்கு, கொடுக்க வேண்டும். அப்போதுதான் பயனர் டார்க் தீமுக்கு மாறினால் கோடும் வெள்ளையாகும். நேரடி நிறம் வைத்தால் கறுப்புப் பின்னணியில் கறுப்புக் கோடு. இங்க்ஸ்கேப் என்கிற வரையும் செயலியில் நிறத்தைத் தொட்டால் அந்த வகுப்பை மீறி நேரடி நிறம் வந்துவிடும், அனுப்பும் முன் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள்.

கறார்_கணேஷ்
இவ்வளவும் செய்துவிட்டு ஒருவர் ஓரத்தை வளை என்பார். என் கருத்து மாறவில்லை. ஹெச்ஆர் என்ன பதில் சொன்னார்கள் என்று மட்டும் இங்கே வந்து எழுதுங்கள், என் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கிறது.