மீட்பா, இழுவையா, சேமமா? பனியில் நின்ற ரயிலுக்குக் கைகொடுக்கும் எஞ்சினின் பெயர்

ந. எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குளிர்நாட்டு ரயில் பாதுகாப்பு பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பயணிகள் ரயில் பனியில் நின்றுவிடுகிறது, அதன் எஞ்சினால் மேலே நகர முடியவில்லை. அதே தடத்தில் ஓடும் சரக்கு எஞ்சின்களைக் கொண்டுவந்து அதை இழுத்துப் போகிறார்கள். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் ஓக்ரிட்ஜ் அருகே 183 பயணிகளோடு சுமார் 36 மணி நேரம் நின்ற, ஆம்ட்ராக் என்ற பயணிகள் ரயில் நிறுவனத்தின் ரயிலை, யூனியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் நிறுவனத்தின் எஞ்சின்தான் யூஜீன் நகருக்கு இழுத்துச் சென்றது. இப்படி உதவிக்கு வரும் எஞ்சினை என்னவென்று சொல்வது? இப்போதைக்கு 'மீட்பு எஞ்சின்' என்று போட்டிருக்கிறேன். படக்குறிப்பில் ஒரு சொல்லுக்கு மேல் இடமில்லை.

க. எழுதியது:

சொல் நம்மிடமே இருக்கிறது, தம்பி. புறநானூறு 102ஆம் பாட்டில் உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு' வருகிறது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று, மாற்று அச்சைக் கட்டிக்கொண்டே போனார்கள். வழியில் வண்டி நின்றுவிடக் கூடாது என்ற கவலைதான் இங்கேயும். 'சேமப்பொறி' என்று போடுங்கள். 'எஞ்சின்' வேண்டாம்.

செ. எழுதியது:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் பொருள் பொருந்தவில்லையே. நான் எஞ்சின் ஓட்டியவன். சேம அச்சு வேறு வேலையின்றிக் காத்திருப்பது. இங்கே வரும் சரக்கு எஞ்சின் தன் வேலையை நடுவில் விட்டுவிட்டு வருகிறது. அதன் சரக்கு எங்கோ ஒரு கிளைத்தடத்தில் நிற்கும். இதற்கென்றே ஒதுக்கி வைத்த எஞ்சின்களும் சில நாடுகளில் உண்டு. அவற்றைச் 'சேம' என்றால் சரி.

இன்னொன்றையும் யோசியுங்கள். சரக்கு எஞ்சினுக்கு ஆறு அச்சு, எடை சுமார் 190 டன். ஆம்ட்ராக் பல காலம் ஓட்டிய பயணிகள் எஞ்சினுக்கு நான்கு அச்சு, 120 டன். வழுக்கும் தண்டவாளத்தில் அந்த எடைதான் பிடிப்புத் தருகிறது. ஆனால் பெட்டிகளுக்கு வெளிச்சமும் வெப்பமும் தரும் 480 வோல்ட் மின்சாரம் சரக்கு எஞ்சினில் கிடையாது. நின்றுபோன எஞ்சினின் மின்னாக்கி ஓடினால்தான் உள்ளே சூடு. அதுவும் அணைந்துவிட்டால் ரயில் நகரும், பயணிகள் விறைப்பார்கள். அதனால்தான் 'மீட்பு' எனக்கு நெருடுகிறது. அந்த எஞ்சின் செய்வது இழுவை மட்டும்.

ம. எழுதியது:

வணக்கம். நான் பனி கொட்டும் நாட்டில் இருக்கிற ஈழத்தவள். எங்களுக்குப் 'புகையிரதம்', உங்களுக்கு 'ரயில்', நூலில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஆனால் ந. அவர்கள் வெறும் 'பனி' என்று எழுதியதைக் கொஞ்சம் பாருங்கோ. முன்பனி, பின்பனி என்கிறபோது அது புல்லில் படிகிற ஈரம். அது ரயிலை நிறுத்தாது. 'வெண்பனி' என்று எழுதினால் குழப்பம் வராது.

க. எழுதியது:

'ரயில்' என்று மொழி முதலில் ரகரம் வராது. 'இரயில்' என்றாவது எழுதலாமே. செ. சொன்னதற்கு வருகிறேன். 'மடுத்தவா யெல்லாம் பகடன்னான்' என்கிறார் வள்ளுவர். வழி தடுக்கும் இடத்திலெல்லாம் வண்டியை இழுத்துப் போகும் எருது அது. தன் பாரத்தை விட்டு இன்னொன்றின் பாரத்தை ஏற்பதால், சேமம் பிடிக்காவிட்டால் 'பகட்டுப்பொறி' என்றும் சொல்லலாம்.

அ. எழுதியது:

ஐயா, இன்று 'பகட்டு' என்று படிப்பவருக்கு ஆடம்பரம்தான் நினைவுக்கு வரும். வெண்பனியில் சிக்கியவர்களைப் பற்றிய படத்துக்குக் கீழே அது கூடாது. சேமமும் வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது என்பார்கள். தூய்மைக்காக எஞ்சினைத் தள்ளிவிட்டு அதைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

க. எழுதியது:

சேர், சேமி, சேமம் மூன்றும் ஒரே வேர் என்பது என் கருத்து. இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

செ. எழுதியது:

வேர் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் பேச்சில் செத்த எஞ்சின் 'டெட் எஞ்சின்', ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ளுவது 'பேங்கர்'. 'துணை எஞ்சின்' என்று போட்டால் பேங்கர் என்று நினைத்துவிடுவார்கள், வேண்டாம். இழுக்கப்படுவதற்கு 'இழுபடு எஞ்சின்' என்று வைக்கலாம்.

குளிரில் டெட் எஞ்சினுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு, அதை நூலில் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க டீசல் எஞ்சின்களின் குளிர்விப்புத் தண்ணீரில் பொதுவாக உறைதடுப்பான் கலப்பதில்லை. அணைந்த எஞ்சினில் தண்ணீரை வடிக்காவிட்டால் உறைந்து உள்ளே விரிசல் விடும். அதற்காகத்தான் குளிர்காலத்தில் நிற்கும்போதும் அணைக்காமல் ஓடவிடுகிறார்கள்.

அ. எழுதியது:

1952 ஜனவரியில் சியரா நெவாடா மலையில் 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' ரயில் 226 பேரோடு வெண்பனியில் புதைந்தது. மூன்று நாளுக்குப் பின் ஆட்களைச் சாலை வழியாக வெளியே கொண்டுவந்தார்கள். ரயில் அங்கேயே நின்றது, அதைப் பிறகுதான் எடுத்தார்கள். ஆள் மீட்பு வேறு, வண்டி மீட்பு வேறு. சொல்லில் அது தெரிய வேண்டும்.

நாம் எஞ்சினுக்குப் பெயர் தேடுவதால்தான் முட்டிக்கொள்கிறோம். எந்த எஞ்சினும் இந்த வேலைக்கு வரலாம், வேலைக்குப் பெயர் வைப்போமே. மீட்பு, இழுவை இரண்டையும் சேர்த்தால் 'மீட்பிழுவை'. 'சரக்கு எஞ்சின் மூலம் மீட்பிழுவை' என்று வாக்கியத்திலும் உட்காரும்.

ம. எழுதியது:

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தட்டவில்லை. நான் சம்மதம்.

செ. எழுதியது:

எனக்கும் சரி. மீட்பு என்ற சொல் உள்ளே இருப்பது இன்னும் பிடிக்கவில்லை, ஆனாலும் இழுவை இருக்கிறது.

ந. எழுதியது:

நன்றி. படக்குறிப்பில் 'மீட்பிழுவை', உரைக்குள் 'உதவிக்கு வந்த சரக்கு எஞ்சின்' என்று போடுகிறேன். ஒதுக்கி வைத்த எஞ்சினுக்கு க. ஐயாவின் 'சேம எஞ்சின்' போகும். செ. சொன்ன தண்ணீர் விஷயம் மூலநூலில் இல்லை, அடிக்குறிப்பாகச் சேர்க்கப் பதிப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். எஞ்சினிலிருந்து பெட்டிகளுக்கு வரும் மின்சாரத்துக்கும் சொல் வேண்டும். இப்போதைக்குப் 'பெட்டி மின்சாரம்'.

க. எழுதியது:

'சேம எஞ்சின்' இருமொழிக் கலப்பு, என் பரிந்துரையாக அதைக் குறிக்க வேண்டாம். 'சேமப்பொறி' என்பதே என் வாக்கு. 'பெட்டி மின்சாரம்' என்பதையும் ஏற்கவில்லை. நாளைக்குள் வேறு சொல் தருகிறேன்.