பாஹோ எம்க்யூடிடி 2.1-க்கு மாறிய பின் வரும் டெப்ரிகேஷன் எச்சரிக்கை

கேள்வி:
வணக்கம். சென்சார் அளவீடுகளைச் சேகரிக்கும் பைத்தான் நிரலில், எம்க்யூடிடி நெறிமுறை வழியே சேவையகத்துடன் செய்தி பரிமாற உதவும் பாஹோ எம்க்யூடிடி நூலகத்தை 1.6.1-இலிருந்து 2.1-க்கு உயர்த்தினேன். பழைய நிரல் அப்படியே ஓடட்டும் என்று, கிளையண்டை உருவாக்கும் வரியில் கால்பேக் ஏபிஐ (நிகழ்வு நேரும்போது நூலகம் அழைக்கும் செயற்கூறுகளின் அமைப்பு) பதிப்பை ‘வெர்ஷன்1’ எனக் கொடுத்தேன். நிரல் ஓடுகிறது, ஆனால் தொடங்கும்போதெல்லாம் டெப்ரிகேஷன் எச்சரிக்கை (இந்த வசதி பின்னர் கைவிடப்படும் என்ற அறிவிப்பு) வருகிறது. ‘வெர்ஷன்2’ என மாற்றினாலோ, இணைப்பு கிடைத்தவுடன் டைப்எரர் வந்து நின்றுவிடுகிறது. எச்சரிக்கையை வடிகட்டி மறைத்துவிட்டால் போதுமா?

பதில் 1:
மறைக்க வேண்டாம். கால்பேக் ஏபிஐயின் முதல் பதிப்பு, நூலகத்தின் 3.0 வெளியீட்டில் நீக்கப்படும் என்று நூலகத்தின் ஆவணமே கூறுகிறது. டைப்எரருக்குக் காரணம் கால்பேக் செயற்கூறுகள் பெறும் அளபுருக்களின் (உள்ளீடுகளின்) எண்ணிக்கை. எம்க்யூடிடி 3.1.1-இல் நான்கு அளபுருக்களைப் பெற்ற, இணைப்பின்போது அழைக்கப்படும் ஆன்_கனெக்ட், இப்போது கிளையண்ட், யூசர்டேட்டா, ஃபிளாக்ஸ், ரீசன் கோட், பிராப்பர்ட்டீஸ் என ஐந்தைப் பெறும். மூன்றே பெற்ற, இணைப்பு அறும்போது அழைக்கப்படும் ஆன்_டிஸ்கனெக்ட்டுக்கும் அதே ஐந்துதான். அங்கே மூன்றாவது இடத்தில் இருந்த பிழை எண் நான்காவது இடத்துக்கு நகர்ந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். செய்தி வரும்போது அழைக்கப்படும் ஆன்_மெசேஜ் மாறவில்லை.

கேட்டவர்:
நன்றி. எச்சரிக்கையும் டைப்எரரும் போய்விட்டன. ஆனால் வேண்டுமென்றே அனுமதியற்ற பயனரைக் கொண்டு சோதித்தபோது, முன்பு வந்த ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வரவில்லை. நிரல் சலிக்காமல் மறுபடி மறுபடி இணைய முயல்கிறது.

பதில் 2:
பிழை எண்ணை 5 உடன் ஒப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் பதிப்பில், சேவையகத்துடன் 3.1.1 நெறிமுறையில் பேசினாலும், கால்பேக்குக்கு வருவது எம்க்யூடிடி 5-இன் காரணக் குறியீடுதான்: அனுமதி இல்லை என்பதற்கான 5 என்பது 135 ஆகவும், தவறான கடவுச்சொல்லுக்கான 4 என்பது 134 ஆகவும் மாறிவிடும். வெற்றிக்கு இன்னும் 0 என்பதால் இணைப்புச் சரியாகக் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை இந்தப் பிழை கண்ணில் படாது. எந்த எச்சரிக்கையும் இதைச் சொல்லாது என்பதால், டைப்எரரைவிட இதுவே எனக்கு அச்சமூட்டுகிறது. தோல்வியா என்று மட்டும் அறிய வேண்டுமானால், எண்ணை விட்டுவிட்டு ‘இஸ்_ஃபெயிலியர்’ என்ற பண்பைப் பாருங்கள். ஃபிளாக்ஸும் இப்போது அகராதி அன்று. ‘செஷன்_பிரசென்ட்’ என்பதைப் புள்ளியிட்டே அணுக வேண்டும்.

கேட்டவர்:
அதேதான். 5-ஐ 135 ஆக்கியவுடன் செய்தி வந்துவிட்டது. ஆன்_டிஸ்கனெக்ட்டில் 7 என்ற எண்ணுடன் ஓர் ஒப்பீடு இருந்ததையும் அப்போதுதான் கண்டேன். இணைப்பு அறுந்தால் இப்போது 128 வருகிறது. அதையும் ‘இஸ்_ஃபெயிலியர்’ என மாற்றிவிட்டேன்.