எந்த உயரம்? ‘இடவுயரம்’ என்ற சொல்லுக்காக ஒரு வாதம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மலை மூலிகைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். நேற்று ஒரு வாக்கியம் இப்படி வந்து விழுந்தது: “உயரம் கூடக்கூட உயரம் குறைகிறது, இந்த உயர வேறுபாடு, செடிகளை ஒரே உயரத்தில் வளர்த்தாலும் மறைவதில்லை.” படித்துப் பார்த்த தோழி, ஓரத்தில் நான்கு இடங்களில் ‘எந்த உயரம்?’ என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார். செடி எவ்வளவு நெடியது என்பது ஓர் அளவு. அது நிற்கும் இடம் கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பது வேறோர் அளவு. இரண்டுக்கும் நம்மிடம் புழங்குவது ஒரே சொல்.

இரண்டாவது அளவுக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘ஆல்டிடியூட்’ என்பதற்கு, முன்பு நம் உரையாடலில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த ‘குத்துயரம்’ வடிவான சொல்தான். ஆனால் அது முக்கோணத்துக்கும் வானியலுக்கும் போய்விட்டது. செடிக்கருகில் வைத்தால் தண்டை நிமிர்த்தி அளந்ததாகவே தோன்றுகிறது. ‘கடல்மட்ட உயரம்’ என்றால் கடல்மட்டம் உயர்வதாகப் படிப்பவர்கள் உண்டு. ‘நிலவுயரம்’ எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. உரக்கப் படித்துப் பாருங்கள், நிலவு வானில் ஏறிவிடுகிறது.

என் பரிந்துரை ‘இடவுயரம்’. இணையாகச் ‘செடியுயரம்’. ‘இட’ என்பது இடப்பக்கம் என்று மயங்காதா என அம்மையார் ஒருவர் முன்பே கேட்டிருந்தார். பள்ளியில் ‘இடவாகுபெயர்’ படித்த எவரும் அதை இடக்கையோடு சேர்த்துப் படித்ததில்லை. மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் வரும் அதே புணர்ச்சிதான் இதுவும்.

சொல்லைப் பயன்படுத்திப் பார்க்காமல் முடிவுசெய்ய முடியாது என்பதால், உண்மையான செய்திகளில் வைத்துப் பார்த்தேன். இடவுயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. குளிரில் ஒளிச்சேர்க்கை தளர்வதற்கு முன்பே செல்கள் பிரிந்து பெருகுவது தளர்ந்துவிடும். அதனால் செடியுயரம் குறைகிறது, இலை தடிக்கிறது. இது சூழலால் வந்ததா, பரம்பரையாக வந்ததா? கிளாசன், கெக், ஹீசி என்ற தாவர ஆய்வாளர்கள் மூவரும் அக்கிலியா மூலிகையைக் கலிபோர்னியாவில் 30, 1,400, 3,050 மீட்டர் இடவுயரங்களில் அமைந்த தோட்டங்களில் வளர்த்து, 1948-இல் முடிவுகளை வெளியிட்டனர். உச்சிமலையிலிருந்து எடுத்த செடிகள் தாழ்நிலத் தோட்டத்திலும் குட்டையாகவே நின்றன. ‘செடியுயரத்தின் ஒரு பகுதி, மூதாதைச் செடிகள் வாழ்ந்த இடவுயரத்தால் அமைந்தது’ என்று இப்போது எழுத முடிகிறது. தோழி பென்சிலை எடுக்கவில்லை.

நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் ஆர்னிக்கா என்ற மலை மூலிகை. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகருக்கு அருகே பாட்ஷர்கோஃபெல் மலையில், 590 மீட்டரிலிருந்து 2,230 மீட்டர் வரை, ஒரே பயிர்வகையை நட்டுப் பூந்தலைகளைச் சோதித்தார்கள். ‘மேலே போகப் போக மருந்துச் சத்து கூடும்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே ஃபிளேவனாய்டு எனப்படும் தாவர வேதிப்பொருள்களின் மொத்த அளவு இடவுயரத்தோடு கூடவில்லை. ஃபிளேவனாய்டு வகைகளின் விகிதம்தான் மாறியது: மூலக்கூற்றின் ஒரு வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்டவற்றின் பங்கு ஏறியது. புற ஊதாக் கதிர்தான் காரணமாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு மாறாக, வளர்ப்பறையில் வெப்பநிலையை 5 டிகிரி குறைத்தபோதே அந்த விகிதம் தெளிவாகக் கூடியது.

ஆக, இடவுயரம் தானாக எதையும் செய்வதில்லை. குளிர், ஒளி, காற்றழுத்தம் எல்லாம் சேர்ந்து வரும் ஒரு முகவரி அது. ‘இடம்’ என்ற சொல் உள்ளே இருப்பது எனக்கு அதனாலேயே பொருத்தமாகப் படுகிறது; ‘ஏற்றம்’ என்றால் ஏதோ ஒரு விசை செடியை இயக்குவதுபோல் ஒலிக்கிறது.

இன்னொரு சிக்கல் மீதமிருக்கிறது. அடிவாரம் முதல் உச்சிவரை சிறிது சிறிதாக மாறும் அந்தத் தொடர்ச்சியை, அதாவது ‘கிரேடியண்ட்’டை, என்னவென்று சொல்வது? கொத்தனார்கள் சரிவைக் குறிக்கச் சொல்லும் ‘வாட்டம்’ அழகான சொல், ஆனால் செடிகளைப் பற்றிப் பேசும்போது ‘இடவுயர வாட்டம்’ என்றால் எல்லாம் வாடிப் போய்விடும். இப்போதைக்கு ‘இடவுயரப் படிமாற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘படி’ என்பது மாடிப்படிபோல விட்டுவிட்டு மாறுவதைக் காட்டுகிறதே என்ற உறுத்தல் இருக்கிறது. வழுவழுவென்று தொடர்ந்து மாறுவதற்கு ஒரு சொல் யாரிடமாவது இருந்தால், கட்டுரை அச்சுக்குப் போகுமுன் தாருங்கள்.