.308 வேட்டை ரைஃபிளுக்கு எந்த சப்ரஸர் (குழல்முனையில் மாட்டும் சத்தம் குறைப்பான்)? எதை வைத்துத் தேர்வு செய்வது?

நெடுங்குழல்:

வணக்கம். ரைஃபிள் .308, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன், குழல் 56 செ.மீ. முனையில் தொழிற்சாலையிலேயே மரை வெட்டி மூடி போட்டுத் தந்திருக்கிறார்கள். மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு மட்டும்தான். ஒரு நாளில் இரண்டு மூன்று தோட்டாவுக்கு மேல் போகாது. கூடவே ஒரு .243-உம் இருக்கிறது, அதற்கும் மரை உண்டு. அனுமதி, பதிவு வேலையெல்லாம் முடிந்துவிட்டது, அதனால் சட்டப் பேச்சு வேண்டாம்.

குழப்பம் பொருளைத் தேர்வு செய்வதில்தான். ஒரு கம்பெனி 28 டெசிபல் குறைக்கும் என்கிறது, இன்னொன்று 34 என்கிறது. விலையோ இரண்டு மடங்கு. டைட்டானியமா, எஃகா, அலுமினியமா? இரண்டு ரைஃபிளுக்கும் ஒன்றே போதுமா? மாட்டிவிட்டால் காதுக்கு எதுவும் போட வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார், அது உண்மையா?

மரைக்கணக்கு:

டெசிபலைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் உங்கள் மரை என்ன அளவு என்று சொல்லுங்கள். தவறான சப்ரஸர் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

வெர்னியரை எடுத்து மரையின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். பிறகு பிட்ச் கேஜ் வைத்து மரை இடைவெளியைப் பாருங்கள். ஐரோப்பியத் தயாரிப்பென்றால் எம்14×1, எம்15×1, எம்18×1 (விட்டம் × இடைவெளி, மி.மீ. கணக்கில்) இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளேசர், சாவர் போன்றவை பெரும்பாலும் எம்15×1. அமெரிக்க வழக்கத்தில் .30 குழல்களுக்கு 5/8-24 (விட்டம் 5/8 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 மரை), சின்ன காலிபர்களுக்கு 1/2-28. விட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 5/8 அங்குலம் என்பது 15.875 மி.மீ., இடைவெளி 1.058 மி.மீ. எம்16×1 இதற்கு மிக அருகில் இருப்பதால் இரண்டு சுற்று ஏறிவிட்டுத்தான் இறுகும். அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் குழலின் மரை போய்விடும். அதைவிட மோசம் 5/8-24 சப்ரஸரை எம்15×1 குழலில் ஏற்றுவது. தடையில்லாமல் உள்ளே போகும், நுனியில் லேசாகப் பிடித்த மாதிரியும் இருக்கும். ஆனால் பிடிப்பு மயிரிழைதான், முதல் வெடியிலேயே கழன்று பறக்கலாம்.

அடுத்தது ஷோல்டர், அதாவது மரை முடிந்து குழல் தடிக்கிற அந்த விளிம்பு. சப்ரஸரை நேராக நிறுத்துவது மரை அல்ல, இந்த விளிம்புதான். இது குழலின் துளைக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்க வேண்டும், சுற்றிலும் குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது அகலம் வேண்டும். .30 சப்ரஸரின் துளை சுமார் 9 மி.மீ., குண்டின் விட்டம் 7.82 மி.மீ. ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் 0.6 மி.மீ. சப்ரஸர் 18 செ.மீ. நீளம் என்றால், 0.2 பாகை கூட இல்லாத சாய்வே, வாயுவைத் தடுக்க உள்ளே வரிசையாக இருக்கும் தட்டுகளில் கடைசித் தட்டில் குண்டை உரச வைக்கப் போதும்.

மசில் பிரேக்குக்கு (பின்னுதைப்பைக் குறைக்க முனையில் மாட்டுவது) போடுகிற நசுங்கும் வாஷர் பழைய மூடியோடு வந்திருந்தால் கழற்றி எறியுங்கள். அது ஒரு பக்கமாக நசுங்கும், சப்ரஸர் சாயும். மரை வெட்டிய பகுதி சப்ரஸரின் உள்மரையைவிட நீளமாக இருந்தாலும் தொல்லைதான். ஷோல்டரைத் தொடும் முன்பே குழலின் நுனி உள்ளே முட்டி நின்றுவிடும். கையால் இறுக்கியபின் விளிம்பில் மெல்லிய தாள் கூட நுழையக் கூடாது.

சுடுவதற்கு முன் ரைஃபிள் காலி என்று உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து குழல் வழியே வெளிச்சத்தைப் பாருங்கள். சப்ரஸரின் துளை வளையம் நாலா பக்கமும் ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை மாதிரி மெலிந்தால் சுடாதீர்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் உங்கள் காலிபருக்கான நேர்மைக் கம்பி விற்கிறார்கள், அதைக் குழலில் விட்டு சப்ரஸர் வாயில் எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள்.

.243 பற்றி: .30 சப்ரஸர் .243-க்கும் உதவும். துளை பெரிது என்பதால் சில டெசிபல் அடக்கம் குறையும், அவ்வளவே. தலைகீழாக ஒருபோதும் முடியாது; .243 சப்ரஸரில் .308 சுட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு ரைஃபிளுக்கும் ஒரே மரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறாக இருந்தால், பின்பகுதி கழன்று வேறு மரைத் துண்டு மாட்டும் வசதி உள்ள மாடலை வாங்குங்கள். மரையைச் சுருக்கும் குட்டி அடாப்டரைக் குழலுக்கும் சப்ரஸருக்கும் இடையில் போடுவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு இணைப்பும் ஒரு சாய்வைச் சேர்க்கும்.

ஒலிமானி:

காது விஷயத்தில் கடைக்காரர் சொன்னதை அப்படியே விட்டுவிடுங்கள்.

சப்ரஸர் இல்லாத .308 குழல்முனையில் சுமார் 165 முதல் 170 டெசிபல் உச்சம். 30 டெசிபல் குறைத்தால் 135 முதல் 140. ஒற்றை வெடிச்சத்தத்துக்குப் பரவலாகப் பாதுகாப்பு எல்லையாக வைப்பது 140. ஆக, நல்ல சப்ரஸரும் உங்களை எல்லைக்கோட்டின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறதே தவிர வெகுதூரம் உள்ளே கொண்டுபோவதில்லை. போல்ட் ஆக்‌ஷனில் சுடுபவரின் காதில் அளவு முனையைவிடக் குறைவு என்பது உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் குறி பழகும் இடத்தில் இருபது முப்பது வெடி போகும்போது காதடைப்பான் கட்டாயம். காட்டில், மெல்லிய ஒலியைக் கேட்க விட்டு வெடியை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுமூடி போதும்.

28, 34 என்கிற எண்களை ஒப்பிடுவதற்கு முன் அவை எப்படி அளக்கப்பட்டவை என்று கேளுங்கள். முனைக்கு இடப்பக்கம் 1 மீட்டரில், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் வைத்து அளப்பது பழைய ராணுவ வழக்கம். சிலர் காதருகே அளக்கிறார்கள். சிலர் 66 செ.மீ. குழலில் அளக்கிறார்கள், நீளக்குழலில் சத்தம் தானாகவே குறையும். வேகம் போதாத மைக்ரோஃபோன் உச்சத்தைத் தவறவிட்டு அழகான எண்ணைக் காட்டும். எந்தக் காலிபரில், எத்தனை நீளக் குழலில், எங்கே வைத்து அளந்தது என்று மூன்றும் எழுதாத அட்டையை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். சில டெசிபல் வித்தியாசத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பது வேட்டைக்குத் தேவையற்றது.

முதல் வெடி மற்றவற்றைவிடச் சற்று உரக்க இருக்கும். உள்ளே நிற்கும் காற்றின் ஆக்ஸிஜனில், எரியாத வாயு மறுபடி பற்றிக்கொள்வதால் வருவது அது. சப்ரஸர் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. குண்டின் வேகத்தால் எழும் சொடுக்குச் சத்தத்தை எந்த சப்ரஸரும் தொடாது. ஒலியின் வேகம் 15 டிகிரியில் நொடிக்கு 340 மீட்டர், உங்கள் குண்டு கிளம்புவது 800-க்கும் மேலே. அந்தச் சொடுக்கு குண்டின் பாதை நெடுக எழும். விலங்குக்கு அது கேட்கும், ஆனால் எங்கிருந்து சுட்டார்கள் என்று பிடிபடாது. ‘அப்படியானால் மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டா போடலாமே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டு நொடிக்கு 850 மீட்டரில் சுமார் 3,500 ஜூல். 200 கிரெய்ன் குண்டு 320 மீட்டரில் சுமார் 660 ஜூல். அந்த வேகத்தில் சாதாரண வேட்டைக் குண்டு விரியவும் விரியாது. மான் காயத்தோடு ஓடிச் சாகும்.

நெடுங்குழல்:

மிக்க நன்றி. அளந்து பார்த்தேன்: .308-இல் விட்டம் 14.9, இடைவெளி 1 மி.மீ. எம்15×1 என்று எடுத்துக்கொள்கிறேன். .243-உம் அதேதான். ஷோல்டர் சுற்றிலும் ஒரே அகலம்.

இப்போது நீளம்தான் பயம். 56-உடன் 18 செ.மீ. சேர்ந்தால் புதரில் இழுத்துக்கொண்டு போவது எப்படி? குழலின் மேல் பின்னோக்கி வரும் ரிஃப்ளெக்ஸ் வகை நல்லதா? சட்டென்று மாட்டிக் கழற்றும் விரைவு மவுண்ட் வேண்டுமா?

காட்டுவழி:

14.9 என்றால் எம்15-தான், வெளிமரை எப்போதும் பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

ரிஃப்ளெக்ஸ் உங்களுக்குப் பொருந்தலாம். 20 செ.மீ. உடலில் ஏறக்குறைய பாதி குழலின் மேல் பின்னால் போய்விடும், முன்னே கூடுவது 10 செ.மீ. சொச்சம். எடையும் கைப்பக்கம் நகர்வதால் துப்பாக்கி மூக்கு கனக்காது. பார்க்க வேண்டியது இரண்டு. பின்பகுதி உட்காரும் இடத்தில் குழல் எவ்வளவு தடிமன் என்று அளந்து, சப்ரஸரின் பின் வளையம் அதைத் தாண்டுமா என்று பாருங்கள். முன் இரும்புக்குறி இருந்தால் அது இடிக்கும், கழற்றியாக வேண்டும். குறைகளும் உண்டு. விட்டம் 45, 50 மி.மீ. என்று போவதால் தாழ்வாகப் பொருத்திய ஸ்கோப்பின் கீழ்ப்பகுதியில், குறைந்த பெருக்கத்தில், நிழலாகத் தெரியும். அதோடு மழைநீர் குழலுக்கும் உறைக்கும் நடுவே தேங்கித் துரு பிடிக்கும், கழற்றித் துடைக்காவிட்டால் தெரியவே தெரியாது.

வேறு வழி குழலை 46 முதல் 51 செ.மீ.க்குக் குறைத்து மரை வெட்டிக்கொள்வது. .308 இதில் இழப்பது கொஞ்சம் வேகம்தான். சொந்தமாகச் செய்கிற வேலை இல்லை, துப்பாக்கித் தொழிலாளியிடம் போக வேண்டும். சில நாடுகளில் மறுபடி அழுத்தச் சோதனையும் கேட்பார்கள். ஒவ்வொரு சப்ரஸருக்கும் குறைந்தபட்சக் குழல் நீள வரம்பு உண்டு, அதற்குக் கீழே போனால் முதல் தட்டு அரித்துப் போகும். கூடுதல் மருந்துள்ள மேக்னம் தோட்டாவுக்குத் தனி வரம்பு. கையேட்டில் .300 வின்செஸ்டர் மேக்னம் எழுதியிருக்கவில்லை என்றால் அதைச் சுடாதீர்கள்.

பொருள்: நாளைக்கு மூன்று வெடிக்கு எஃகு அதிகப்படி. எஃகும் இன்கோனெல் என்ற நிக்கல் கலப்புலோகமும் தொடர் சுடுதலின் சூட்டைத் தாங்கவே. முதல் தட்டு எஃகாக இருக்கும் அலுமினியம் விலைக்கு நல்லது, ஆனால் வேகமாகப் பத்துப் பன்னிரண்டு வெடி விட்டால் மென்மையாகிவிடும். டைட்டானியம்தான் நடுவாந்தரம், எடை 300 முதல் 400 கிராமுக்குள் கிடைக்கும். மிகவும் சூடானால் முனையில் பொறி பறக்கும். பழுதில்லை, அந்தி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் அவ்வளவுதான். உங்கள் கணக்குக்கு 400 கிராமைத் தாண்டிய எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அது இன்னும் நான்கு டெசிபல் குறைத்தாலும் சரி. பாரம் முனையில் தொங்கினால் நின்றபடி சுடும்போது கை தளர்ந்துவிடும்.

விரைவு மவுண்ட் வேண்டாம். 60 முதல் 100 கிராம் கூடும், இணைப்பும் ஒன்று கூடும். நேரடி மரையே போதும்.

மாட்டியபின் ஸ்கோப்பைப் புதிதாக ஜீரோ செய்யுங்கள், அதாவது குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்யுங்கள். 100 மீட்டரில் குண்டு படும் இடம் சில சென்டிமீட்டர் நகரும், பெரும்பாலும் கீழே, சில துப்பாக்கிகளில் பக்கவாட்டில். நகர்வதில் தப்பில்லை, ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அதே இடத்துக்கு வர வேண்டும். மூன்று வெடி, கழற்று, மாட்டு, மறுபடி மூன்று என்று சோதித்துப் பாருங்கள். இடம் மாறிக்கொண்டே இருந்தால் மரை அழுக்கு அல்லது விளிம்பு சரியில்லை. குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் திடீரென்று சிதறினால் சப்ரஸர் தளர்ந்திருக்கும், நிறுத்திவிட்டுப் பாருங்கள். வெப்பத்தில் மரை இளகுவது சகஜம், ஐந்து வெடிக்கு ஒருமுறை கை வைத்துத் திருகிப் பார்ப்பது நல்லது. சூடான பக்கத்தைப் பிடிக்காதீர்கள், கையுறை வேண்டும்.

மரைக்கணக்கு:

ரிஃப்ளெக்ஸ் பற்றிச் சொன்னது சரி, விரைவு மவுண்ட் பற்றியும் உடன்படுகிறேன். பராமரிப்பை யாரும் சொல்லவில்லை, அதில்தான் குழல்கள் வீணாகின்றன.

எரிவாயுவில் நீராவி நிறைய. குளிர்ந்ததும் சப்ரஸருக்குள்ளே நீராகப் படியும், கரியோடு சேர்ந்து அரிக்கும். அதை மாட்டியபடியே துப்பாக்கியை நிறுத்தி வைத்தால் நீர் முனையின் விளிம்பைத் தின்னும், குழலுக்குள்ளும் இறங்கும். துல்லியம் போன பிறகுதான் தெரியவரும். வேட்டை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள், இரு வாயும் திறந்தபடி உலர்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். மூடிய உறையில் போடாதீர்கள். குழல்முனையை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். அடுத்த முறை சுடுமுன் துளையில் எண்ணெய் இல்லாமல் உலர்த்துங்கள்.

மரையில் பட்டாணி அளவுக்கும் குறைவாகச் செப்புக் கிரீஸ். இல்லாவிட்டால் கரி இறுகி, கழற்றவே முடியாமல் போகும். குறடு வைத்துத் திருகினால் டைட்டானியக் குழாய் நசுங்கும்.

.308 போன்ற சென்டர்ஃபயரில் (அடிப்பாகத்தின் நடுவில் பற்றவைக்கும் தோட்டா) அடிக்கடி உட்சுத்தம் தேவையில்லை. எடை போட்டு வையுங்கள், புதியதில் இருந்ததைவிட 20, 30 கிராம் ஏறினால் அப்போது பார்க்கலாம். அலுமினியத்தைக் காரத் திரவத்திலோ அதை ஊற்றிய அல்ட்ராசோனிக் தொட்டியிலோ போடாதீர்கள், உலோகமே கரையும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கும் வழி இணையத்தில் சுற்றுகிறது. ஈயம் அதில் கரைந்து லெட் அசிடேட் ஆகிறது, தோல் வழியேயும் உடலுக்குள் போகும் விஷம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஈயமில்லாச் செப்புக் குண்டு சுடுகிறீர்கள் என்றால் ஒரு கூடுதல் சோதனை. அவை அதே எடைக்கு நீளமானவை. குழலின் சுழற்சி போதாமல் குண்டு தள்ளாடினால் தட்டில் உரசும். முதலில் சப்ரஸர் இல்லாமல் தாளில் சுட்டுப் பாருங்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் சரி. நீள்வட்டமாகக் கிழிந்தால் அந்தத் தோட்டாவை சப்ரஸரோடு சுடக் கூடாது.

நெடுங்குழல்:

எம்15×1, .30 துளை, டைட்டானியம், 400 கிராமுக்குள், நேரடி மரை. ரிஃப்ளெக்ஸா, முழுவதும் முனைக்கு முன்னே நிற்கும் வகையா என்பதை வாங்குமுன் குழலின் தடிமனை அளந்து முடிவு செய்கிறேன். முனையிலிருந்து எத்தனை செ.மீ. பின்னால் அளக்க வேண்டும்?

காட்டுவழி:

தயாரிப்பாளரின் வரைபடத்தில் பின்பகுதி எவ்வளவு தூரம் வருகிறது என்று போட்டிருக்கும், அதோடு 2 செ.மீ. கூட்டி அந்த இடத்தில் அளந்து பாருங்கள். குழல் பின்னே போகப் போகத் தடிக்கும். அந்த விட்டத்துக்கும் பின் வளையத்துக்கும் நடுவே சுற்றிலும் அரை மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். குழலை அழுத்தி உட்காரும் வளையமாக இருந்தால் சூட்டில் குண்டு படும் இடம் நகரும்.