மிக்ஸியின் அடித்தட்டுத் திருகு மழுங்கிவிட்டது

கேள்வி: கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு) மாற்றுவதற்காக மிக்ஸியின் அடித்தட்டைத் திறக்க முயன்றபோது, நான்கு திருகுகளில் ஒன்றின் கூட்டல் குறிப் பள்ளம் தேய்ந்துவிட்டது. மற்ற மூன்றையும் கெடுக்காமல் கழற்றுவது எப்படி?

மறுமொழி 1: திருப்புளியின் அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கூட்டல் குறி முனைகளின் அளவை பி.எச். என்று குறிப்பார்கள்; பி.எச். 2 அளவுப் பள்ளத்தில் அதைவிடச் சிறிய பி.எச். 1 முனையை நுழைத்தால், அது உள்ளே ஆடி விளிம்பைச் சீவிவிடும். மிக்ஸியைக் கவிழ்த்து, பொருத்தமான திருப்புளியைச் செங்குத்தாக நிறுத்தி, உடல் எடை முழுவதும் அதன்மேல் இறங்குமாறு அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். பேட்டரி டிரில்லை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

மறுமொழி 2: மழுங்கிய திருகின்மேல் அகலமான ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்பிப் பாருங்கள், எனக்கு ஒருமுறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை.

மறுமொழி 3: திரும்பப் பூட்டும்போதுதான் பிளாஸ்டிக்கில் உள்ள மரை கெடுகிறது. திருகை முதலில் இடப்பக்கமாகச் சுழற்றி, பழைய மரையில் அது 'டக்' என்று விழுவதை உணர்ந்த பின்னரே வலப்பக்கம் முறுக்க வேண்டும். மேலே உள்ள கப்ளரையும் (ஜாரை மோட்டாருடன் இணைக்கும் பகுதி) கழற்றுவதாக இருந்தால், பல மிக்ஸிகளில் அதன் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதால், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

கேட்டவர்: சரியான முனையால் மூன்றும் கழன்றன, நான்காவதற்கு ரப்பர் பேண்டு உதவவில்லை, இடுக்கியால் தலையைப் பிடித்துத் திருப்பினேன்.