அதிபர் மாறிய நாள்களும் எதிர்க்கட்சியும்: உங்கள் அனுபவம் என்ன?

ஆன்சன்வாசி

1981-இல் சிங்கப்பூரில் எனக்கு 11 வயது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. பிளேர் பிளெயின் குடியிருப்பில் இருந்தோம். கொள்கலன் முனையத்துக்கு இடம் வேண்டும், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்திருந்தது. கடிதம் ஆங்கிலத்தில். பக்கத்து வீட்டு மாமா படித்துச் சொன்னார். அம்மா அதை மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்பதுபோல.

அந்த வருடம் மே மாதம் அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் காலமானார். அவருக்குப் பிறகு யார் என்ற பேச்சு எங்கள் தொகுதி ஆன்சனில் வந்து நின்றது. எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தேவன் நாயர்தான் அடுத்த அதிபர் என்றார்கள். தொழிற்சங்கத்தை வளர்த்தவர். அப்பாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. 1980 பொதுத்தேர்தலில் அவருக்கு ஆன்சனில் 84 விழுக்காடு வாக்கு. அதில் அப்பாவின் வாக்கும் ஒன்று. அக்டோபரில் நாயர் அதிபரானார், தொகுதி காலியானது, 31ஆம் தேதி இடைத்தேர்தல்.

தீபாவளி முடிந்த அதே வாரம். முறுக்கு டப்பா இன்னும் காலியாகவில்லை. அந்தச் சனிக்கிழமை இரவு அப்பா வானொலியை மேசையில் வைத்துக்கொண்டு எங்களைப் பேசவிடவில்லை. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜெ.பி. ஜெயரத்தினம் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1968 முதல் நாடாளுமன்றத்தின் எல்லா இடங்களும் ஒரே கட்சியிடம், ஆளும் மக்கள் செயல் கட்சியிடம் இருந்தன. அதில் விழுந்த முதல் ஓட்டை எங்கள் தொகுதி. கீழே யாரோ தகரத்தைத் தட்டினார்கள். அப்பா சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அம்மாவைப் பார்த்து, "நாயர் போகாம இருந்திருந்தா இது நடந்திருக்காது" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வரி இத்தனை வருடமாக எனக்குள் இருக்கிறது. அதிபர் மாறியபோது எதிர்க்கட்சிக்கு ஒரு கதவு திறந்தது. இன்று அப்படித் திறக்குமா? எதிர்க்கட்சி வேண்டும் என்று மனதார நினைப்பவன் நான். அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

ஜூரோங்காரி

அண்ணே, திறக்காது. நான் கண்ணால் பார்த்தேன்.

தர்மன் 2001-இலிருந்து எங்கள் ஜூரோங்கின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். என் பெரிய மகன் தொடக்கப்பள்ளிக்குப் போனபோதும் அவர்தான், தேசிய சேவைக்குப் போனபோதும் அவர்தான். 2023 ஜூன் மாதம் அதிபர் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று அவர் அறிவித்த அன்று எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பாட்டிகள் எல்லாரும் அதையே பேசினார்கள். பெருமை ஒரு பக்கம், நம்மை விட்டுப் போகிறாரே என்ற வருத்தம் ஒரு பக்கம். ஜூலையில் மக்கள் செயல் கட்சியிலிருந்தும் அமைச்சரவையிலிருந்தும் நாடாளுமன்றத்திலிருந்தும் விலகினார்.

செப்டம்பர் 1 வாக்களிப்பு. அந்த எக்ஸ் முத்திரையை அவர் சின்னமான அன்னாசிப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது என் கை லேசாக நடுங்கியது. மை சரியாகப் பதிந்ததா என்று இரண்டு முறை பார்த்தேன். எஸ்.ஆர். நாதன் ஐயா 1999-இலும் 2005-இலும் போட்டியின்றி அதிபரானவர். மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் தமிழ் அதிபர் தர்மன்தான். 70.4 விழுக்காடு. மூன்று பேர் நின்ற போட்டியில்! சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் போட்டால்தான் அது வரும். அன்று இரவு நான் அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

அப்புறம் என்ன நடந்தது? ஜூரோங்கில் ஒரு நாற்காலி காலி. இடைத்தேர்தல் இல்லை. ஏனென்றால் அது குழுத்தொகுதி, சில பேர் ஒரே அணியாக நின்று வெல்லும் தொகுதி. ஒருவர் போனால் மீதிப் பேர் பார்த்துக்கொள்வார்கள். ஓங் டெங் சியோங் 1993-இல் தோ பாயோ குழுத்தொகுதியிலிருந்து அதிபராகப் போனார், ஹலிமா யாக்கோப் 2017-இல் மார்சிலிங் - இயூ டீயிலிருந்து அதிபராகப் போனார், இடைத்தேர்தல் இரண்டுக்குமே இல்லை. ஹலிமா போன இடத்துக்காக வழக்கே போட்டார்கள், நிற்கவில்லை. குழுத்தொகுதி முறை வந்தது 1988-இல். ஆன்சன்போல ஒரு தனித்தொகுதியிலிருந்து ஒருவர் அதிபரானால் ஒழிய உங்கள் அப்பா பார்த்ததை இனி யாரும் பார்க்க முடியாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தர்மன் இல்லாத ஜூரோங்கில் எதிர்க்கட்சி கொஞ்சம் முன்னேறும் என்று 2025 பொதுத்தேர்தலில் பலர் கணக்குப் போட்டார்கள். தொகுதியைப் பிரித்தார்கள். ஜூரோங் சென்ட்ரலில் ஆளும் கட்சிக்கு 80 விழுக்காடு, ஜூரோங் ஈஸ்ட் - புக்கிட் பாத்தோக்கில் முக்கால் பங்குக்கும் மேல். இங்கே அவர் 20 வருடம் போட்ட அடித்தளம் அவரோடு கிளம்பிப் போகவில்லை.

தேக்கா தம்பி

நான் ஒரு சின்ன விஷயம்தான் சொல்ல முடியும். தொழிற்கல்லூரியில் படித்த காலம். நகரத்தில் ஒரு எம்ஆர்டி வாசலில் வயதான ஒருவர் நின்று புத்தகம் விற்றுக்கொண்டிருப்பார். ஜெயரத்தினம் என்று தெரியும். வீட்டில் அப்பா படத்தைக் காட்டியிருக்கிறார். மழை நாளில்கூட முழுக்கைச் சட்டை. கையில் ஒன்று, காலடியில் ஒரு அடுக்கு. குரல் மட்டும் நீதிமன்றக் குரல். அவரைக் கடந்து போவதற்காகவே நான் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். என் பையில் பத்து வெள்ளி இருந்த நாளிலும் வாங்கவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம், என்ன பயம் என்று இன்றுவரை தெரியவில்லை.

2008 செப்டம்பர் 30-இல் அவர் இறந்த செய்தியை அதே நிலையத்தில் நின்றுதான் படித்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் ஆன்சன்வாசியோடு ஓரிடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. அதிபர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கதவாகப் பார்ப்பது சரியில்லை. அதிபரிடம் இருப்பது நாட்டின் சேமிப்புக்கான இரண்டாவது சாவி, முக்கிய நியமனங்களில் ஒப்புதல். அதனால்தான் நிற்கும் முன்பே கட்சியை விட்டு விலக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் மக்கள் செயல் கட்சிக்கு வாக்களிப்பவன். மறைக்க ஒன்றுமில்லை. 2011 அதிபர் தேர்தலில் நான்கு பேர் நின்று, டோனி டான் ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கில்தான் வென்றார். அப்போதே பலர் அதைப் பொதுத்தேர்தலின் இரண்டாம் பாகமாக ஆக்கப் பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பாட்டாளிக் கட்சியும் வெகுகாலமாகச் சொல்வது என்ன? மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிபர் வேண்டாம், முன்பிருந்ததுபோல நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்பதுதானே. அந்தக் கட்சியே நம்பாத வாசலில் நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

நீலக்குடை

ஐயா சொல்வதில் பாதி சரி. வாசலில் காத்திருக்க வேண்டாம். வாசல் வாசலாகப் போக வேண்டும். நான் போனேன்.

2025 ஏப்ரலில், செங்காங்கிலும் பொங்கோலிலும் பாட்டாளிக் கட்சித் தொண்டராக. ஒரு மாலைக்கு மூன்று நான்கு புளோக். மேல்தளத்திலிருந்து ஆரம்பித்து இறங்கி வருவோம், மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக. என்னைக் குழுவில் சேர்த்ததே தமிழ் பேசுவேன் என்பதால்தான். மாவிலைத் தோரணம் தெரிந்தால் என்னை முன்னால் தள்ளிவிடுவார்கள்.

பதினோராம் மாடியில் ஒரு அம்மா கதவைத் திறந்தார். கையில் மாவு. கம்பிக் கதவுக்கு உள்ளிருந்தே பேசினார். "அதிபருக்குத் தர்மனுக்குத்தான் போட்டேன். இங்க சுத்தியலுக்குப் போடுவேன். ரெண்டும் வேற தம்பி." சுத்தியல் எங்கள் கட்சிச் சின்னம். இதே பேச்சை அந்த மாதத்தில் எத்தனை வீட்டில் கேட்டேன் என்று கணக்கில்லை. நம் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு சீட்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். எதிர்க்கட்சிக்கு அதைவிட நல்ல செய்தி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே அம்மா அடுத்துக் கேட்டது: "உங்க தலைவருக்கே தண்டனை ஆயிருச்சே, கட்சி நிக்குமா?" பிப்ரவரியில் பிரித்தம் சிங்குக்கு நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னதாக இரண்டு குற்றச்சாட்டுகளில் தலா 7,000 வெள்ளி அபராதம் விதித்திருந்தார்கள். பதவி போக ஒரு குற்றத்துக்கு 10,000 வெள்ளியாவது இருக்க வேண்டும், அதனால் அவர் நிற்கலாம் என்று விளக்கினேன். அம்மா தலையை ஆட்டினார். திருப்தியாகவா என்று தெரியவில்லை. கீழே இறங்கும்போது எனக்கு ஜெயரத்தினம்தான் நினைவுக்கு வந்தார். 1986-இல் அவருக்கு 5,000 வெள்ளி அபராதம், அப்போது வரம்பு 2,000. ஆன்சன் போய்விட்டது. அன்றைக்கு அவரைத் தவிரக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் யாரும் இல்லை. இன்று அப்படியில்லை.

அதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு ஆளை நம்பி இருந்த கட்சி இப்போது இல்லை. 1991-இல் ஹவ்காங்கில் லோ தியா கியாங், 2011-இல் அல்ஜுனிட் குழுத்தொகுதி, 2020-இல் செங்காங். தலைமை 2018-இல் சண்டையில்லாமல் கை மாறியது. 2025 மே மாதம் மூன்று தொகுதிகளையும் காப்பாற்றிக்கொண்டார்கள். குறையும் இருக்கிறது. 97 இடத்தில் 26-இல் மட்டுமே நின்றார்கள், 10 பேர் வென்றார்கள், 2020-இல் வென்ற அதே எண்ணிக்கை. தெம்பனிஸ் கைக்கு எட்டியும் போனது. பொங்கோலில் அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை, 55க்கு 45 என்று தோற்றோம். கூடும் என்று நினைத்த இடத்தில் கூடவில்லை. என் கவலை அதுதான். பிடித்த இடத்தைக் காப்பது ஒரு வேலை, புது இடம் பிடிப்பது வேறு வேலை. இரண்டாவதற்கு இந்தத் தேர்தலில் போட்ட உழைப்பு போதவில்லை என்று நான் நினைக்கிறேன். அதிலும் தமிழ்ப் பேச்சாளர்கள் இன்னும் வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட்டில் பரமேஸ்வரி நின்றதைப் பார்த்து என் தங்கை முதன்முதலாகக் கூட்டத்துக்கு வந்தாள்.

புதுகை நண்பன்

எனக்கு இங்கே வாக்கு இல்லை, வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவன். 2023-இல் தங்குவிடுதியில் எட்டுப் பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து முடிவைப் பார்த்தோம். ஊரிலிருந்து அப்பா அழைத்து, "நம்மாளு அதிபராமே?" என்று கேட்டார். என் அறையில் இருந்த ஒரு அண்ணன், "அவரு சிங்கப்பூர்க்காரரு மாமா" என்று திருத்தினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மரின் பரேட் அத்தை

நாங்கள் 2025-இல் வாக்கே போடவில்லை. வேட்புமனு நாளன்று எங்கள் குழுத்தொகுதியில் எதிர்த்து நிற்க யாரும் வரவில்லை, ஐந்து பேரும் போட்டியின்றி உள்ளே போனார்கள். வாக்களிப்பு நாளன்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு கீழே காப்பிக்கடைக்குப் போனேன். எதிர்மேசையில் பக்கத்துப் பேட்டைக்காரர்கள் வரிசையில் நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டு சும்மா இருந்தேன். எதிர்க்கட்சியின் எதிர்காலம் பற்றிப் பேசும்போது எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்சன்வாசி

எல்லாருக்கும் நன்றி. ஜூரோங்காரி அக்கா, நீங்கள் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

அப்பாவுக்கு இப்போது 82 வயது. எங்களோடு ஃபெர்ன்வேலில் இருக்கிறார். 2025-இல் எங்கள் பகுதி ஜாலான் காயு தனித்தொகுதி ஆனது. சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். சீட்டை யாரிடமும் காட்டாமல் நான்காக மடித்துப் போட்டார். இரவு தூங்க மறுத்துவிட்டார். பின்னிரவில் முடிவு வந்தது. பாட்டாளிக் கட்சியின் ஆண்ட்ரே லோ 806 வாக்கில் தோற்றார். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "ஆன்சன்ல 653" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பல் தேய்த்ததும் முதல் கேள்வி: "அந்தப் பையன் உள்ள போவானா?" தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் முன்னால் நிற்பவர்களுக்குத் தரும் தொகுதியில்லா உறுப்பினர் இடத்தில் போகலாம் என்றேன். வாக்களிக்க முடியுமா என்றார். 2017-இலிருந்து அவர்களுக்கும் முழு வாக்குரிமை என்றேன். "எப்பக் கூடுது?" என்றார். அப்போது தெரியவில்லை. செப்டம்பர் 5 என்று தெரிந்ததும் நாள்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டார்.

அன்று அதிபர் தர்மன் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்து உரையாற்றினார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதிபர் பேசப் பேச, கேமரா திரும்பும்போதெல்லாம் எதிர்வரிசையில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.